புகை விடாத கோச்சி

காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினேன். காங்கேசன்துறைக்குப் பன்னிரண்டு மைல். பிள்ளைகளே, நம் அலுமாரியில் நிற்கும் மூன்று மரக் கோச்சிப் பெட்டிகளும் நான் ஏறிப்போன பெட்டிகளின் சாயலில் செய்தவை. ஏறிய ஒருவர் சாட்சி சொல்லாத பெட்டியை அங்கே வைப்பதில்லை என்பது நம் வீட்டுச் சட்டம். இலண்டனில் பூமிக்குக் கீழே ஓடும் கோச்சிப் பெட்டி போல ஒன்றைக் கீரிமலையில் கந்தவனம் என்பவர் செய்து வைத்திருக்கிறாராம். நாலாவதாக அது வேண்டுமென்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். அவர் உண்மையில் அந்த இலண்டன் கோச்சியில் ஏறியவர்தானா என்று அறியவே புறப்பட்டேன்.

உங்களில் சின்னவள் பூரணம் வாசல் படலை வரை வந்து கேட்டாள்: “ஐயா, பூமிக்குக் கீழை ஓடுற கோச்சிக்கு யன்னல் என்னத்துக்கு? அதைக் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

ஒன்பது மணிக்குக் காங்கேசன்துறையில் இறங்கினேன். அங்கிருந்து கீரிமலைக்கு இரண்டு மைல். மாட்டுவண்டிக்கு முப்பது சதம். யாரிடம் போகிறேன் என்று சொன்னதும் வண்டிக்காரர் சிரித்தார்.

“கப்பல் கந்தவனமோ? உவர் கதைச்சால் மீனும் தண்டவாளத்திலை ஓடும்!”

என் சந்தேகம் இரட்டித்தது.

கந்தவனத்தார் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கப்பலில் போய், இலண்டன் துறைமுகத்தில் மூன்று வருஷம் மூட்டை இறக்கினாராம். பிஸ்கற் தகரத்தில் செய்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முழ நீளம், சிவப்பு நிறம்.

“இதை இழுக்கிற எஞ்சின் எங்கை?”

“இழுக்க ஒண்டுமில்லை. கரன்ற்றிலை தானாய் ஓடும். புகையே இல்லை.”

கண்டிப் பாதைச் சுரங்கத்தில் புகை குடித்து இருமியவன் நான். நம்புவேனா? கூரையிலிருந்து சின்னத் தோல் வளையங்கள் தொங்கின.

“உது என்னத்துக்கு? வாழைக்குலை தூக்கவோ?”

“இருக்க இடமில்லாத ஆக்கள் பிடிச்சுக்கொண்டு நிக்க.”

“நிக்கிறவைக்கும் ரிக்கற்றோ?”

“ஓம். அதே காசுதான்.”

காசு கொடுத்து நிற்பவனும் உண்டா? கதவால் உள்ளே எட்டிப் பார்த்தேன். யன்னல்களில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. திருவிழாக் கடைச் சாமான் போலிருந்தது. பிடித்துவிட்டேன் பொய்யை என்று நினைத்தேன்.

“யன்னலாலை என்ன கண்டனீர்?”

மரவேர், புதையல் என்று அளக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“ஒண்டும் இல்லை. வெறும் இருட்டு. என்ரை முகம்தான் தெரிஞ்சுது. பெட்டி நிறையச் சனம், ஊர் முகம் ஒண்டும் இல்லை. அதாலை நாளும் என்னையே பாத்துக்கொண்டு நிண்டன்.”

பொய் சொல்பவன் யன்னலுக்கு வெளியே எதையாவது வைத்திருப்பான், பிள்ளைகளே. இவரிடம் இருட்டு மட்டுமே இருந்தது.

பெட்டியைக் கேட்டேன். இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“நீங்கள் ஏறின பெட்டி எண்டு பிள்ளையளுக்குச் சொல்லமாட்டியளே?”

“உங்கடை பேரைச் சொல்லித்தான் வைப்பன்” என்றேன். அதன் பிறகே பெட்டிமேலிருந்த கையை எடுத்தார்.

நாலு மணிக் கோச்சியில் திரும்பினேன். எங்கள் யன்னலில் பனங்கூடலும் புகையிலைத் தோட்டமும் ஓடின. சுன்னாகத்தில் கோச்சி நின்றபோது தெரிந்த வியாபாரி ஒருவர் யன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“அண்ணை, மடியிலை என்ன?”

“பூமிக்குக் கீழை ஓடுற கோச்சி.”

“ஆருக்கு விடுறியள் கதை?”

காலையில் நான் கந்தவனத்தாரைப் பார்த்த அதே பார்வை. ஆனாலும் அது ஊர் முகம். கோச்சி நகரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.