ஜப்பான்காரருக்காகப் பறித்த இலைகள்

ஒரு மரத்தின் அழகான இலைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பறித்து எருக்குழியில் கொட்டியதற்காக எனக்கு ஒரு கை நிறையப் பொரிகடலை கிடைத்தது. அப்போது எனக்கு எட்டு வயது. சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்த காலம்.

தளியைத் தாண்டி ஜவளகிரிக்குப் போகும் பாதையில் எங்கள் ஊர். அப்பா மல்பெரி பயிரிட்டு வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்தார். அதே வீட்டில் எங்களோடு இருந்த பெரியப்பா, பெருமாள் கோயில் தர்மகர்த்தா. கோயிலை ஒட்டிய நந்தவனத்தை அவர் தன் சொந்தச் சட்டையைப்போலப் பார்த்துக்கொள்வார். அதில் அழுக்குப் படக்கூடாது, ஆனால் துவைப்பது மட்டும் வேறு யாராவது.

ஓசூரிலிருந்து ஓர் ஆபீசர் அவ்வப்போது ஜீப்பில் வந்து எங்கள் புழுக்களைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த ஐப்பசியில் அவரோடு ஒரு ஜப்பான்காரரும் வந்தார். புழு வளர்ப்பதைச் சொல்லிக்கொடுக்க ஆறு மாதத்துக்கு வந்திருந்தவர். ஜப்பான்காரர் என்றதும் நான் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். அவரோ குள்ளமாக, நரைத்த கிராப்போடு, எங்கள் மூன்றாம் வகுப்பு வாத்தியாரைப்போல இருந்தார். ஒவ்வொரு புழுவையும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துப் பார்த்தார்.

திரும்பிப் போகும்போது ஜீப் கோயிலருகே நின்றது. ஜப்பான்காரர் நந்தவனத்துக்குள் கையை நீட்டி ஏதோ சொன்னார். ஆபீசர் பெரியப்பாவைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து உங்க நந்தவனத்தைப் பாக்கணுங்கிறாரு. அந்த மரத்தைக் காட்டுறாரு பாருங்க. அப்படியே உங்க வீட்டுல சாப்பாடும் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அவர் காட்டியது நாட்டு வாதுமை மரம். பெரியப்பாவுக்கு அது பல வருஷத்து மனக்குறை. மற்ற மரங்களெல்லாம் மழையில் பச்சைப்பசேலென்று நிற்க, அது மட்டும் சீக்கு வந்ததுபோலச் சிவந்து இலையை உதிர்த்துக்கொண்டிருக்கும்.

"அவ்வளவு நல்ல செடி இருக்குது. அவன் கண்ணுல அதுதான் பட்டுதா?" என்று ஞாயிறு வரும்வரை இரண்டு நாளும் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டிலிருந்த எல்லோரும் நந்தவனத்துக்குப் போனோம். "தரையில ஒரு சருகு இருக்கக்கூடாது. மரத்துல ஒரு செவப்பு எலை இருக்கக்கூடாது" என்பது உத்தரவு. நுனிக்கிளை தாங்குகிற எடை எனக்குத்தான் இருந்தது. பெண்பிள்ளை மரமேறினால் காதைத் திருகும் பெரியப்பா அன்று கீழே நின்று, "அதோ, உன் தலைக்கு மேல. இன்னொன்னு, இடதுகைப் பக்கம்" என்று வழிகாட்டினார். மூன்று கூடை நிரம்பியது. முழங்கால் சிராய்த்தது. பொரிகடலை கிடைத்தது.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. ஜப்பான்காரர் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். பெருமாளுக்கு இடுப்புவரை குனிந்து வணக்கம் சொன்னார். நேராக மரத்தடிக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தரை எங்கள் வீட்டுக் கூடம்போல இருந்தது. ஆபீசரிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

ஆபீசர் பெரியப்பா பக்கம் திரும்பினார். "இந்த மாசத்துல அவங்க ஊர்க் கோயில் தோட்டத்துல மரமெல்லாம் செவந்து நிக்குமாம். ஜனங்க அதைப் பாக்கன்னே குடும்பத்தோட போவாங்களாம். இங்க வந்ததுலேருந்து செவப்பா அவர் பாத்தது இந்த ஒரு மரந்தானாம். அந்த எலையெல்லாம் எங்கேன்னு கேக்குறாரு."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும். "யாரு கித்தித்து?" என்று எல்லோரையும் சுற்றிப் பார்த்தார், பறித்தது யாரென்று நிஜமாகவே தெரியாதவரைப்போல. அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

"நான்தான் பறிச்சேன். நீங்கதானே பெரியப்பா கீழ நின்னு காட்டுனீங்க."

ஆபீசருக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்து அதையும் மொழிபெயர்த்துவிட்டார். ஜப்பான்காரர் நுனிக்கிளையைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். பெருமாளுக்குக் குனிந்ததுபோலவே என் முன்னால் குனிந்தார். அடிக்கத்தான் குனிகிறார் என்று நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

நான் எருக்குழிக்கு ஓடினேன். அப்பா கூடையோடு பின்னால் வந்தார். அடியில் கிடந்தவை சாணியில் ஊறிவிட்டன. மேலாக அள்ளியதில் இரண்டு கூடை தேறியது; மரத்தடிக்குக் கொண்டுவந்து பரப்பினோம். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நந்தவனத்தில் குனிந்து வேலை செய்தார். "இந்தப் பக்கம் குப்பை கம்மியா இருக்குது பாரு, இன்னும் போடு" என்றார். லேசாகத் தூறல் விழுந்தது. நனைந்த இலைகள் குங்குமம்போலப் பளபளத்தன. ஜப்பான்காரர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசித்தது.

சாப்பாட்டில் இன்னொரு கலவரம். விருந்தாளிக்குக் காரம் ஆகாது என்று கேள்விப்பட்டு, அரிசிமாவைப் பிழிந்து சேவை செய்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் வைத்திருந்தாள் அம்மா. கோழிச்சாறு எங்களுக்கு. அவர் வெல்லச் சேவையை மரியாதைக்கு ஒரு வாய் தின்றுவிட்டுக் கோழிச்சாற்றைக் காட்டினார். அதைச் சேவையின்மேல் ஊற்றச் சொல்லிச் சைகை செய்தார்.

"அய்யய்யோ, சேவைல போயி கோழிச்சாறா?" என்றாள் அம்மா. அப்பா கண்ணைக் காட்டியதும் ஒரு கிண்ணத்தில் சேவையைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். பிறகு அவர் இரண்டு விரல்களைச் சேர்த்துச் சேர்த்துக் காட்டினார். அப்பாவுக்கு அது எப்படியோ புரிந்தது. இரண்டு மல்பெரிக் குச்சிகளைச் சீவிக் கழுவிக் கொடுத்தார்.

சர்ரென்று ஒரு சத்தம். சேவை குச்சியிலிருந்து வாய்க்குள் ஏறியது. எங்கள் வீட்டில் ரசத்தை உறிஞ்சினாலே தலையில் குட்டு விழும். இவரோ தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சினார். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் கொஞ்சம் யோசித்தார். காலையில் செய்த தப்புக்கு ஈடுகட்ட நினைத்தாரோ என்னவோ, தன் இலையிலும் சாற்றை ஊற்றி, சேவையை அள்ளி அதைவிடப் பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார். நானும் உறிஞ்சினேன். குட்டு விழவில்லை. என் வாழ்நாளிலேயே அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டது கிடையாது.

ஜப்பான்காரர் இரண்டாவது கிண்ணம் கேட்டார். மூன்றாவதும் கேட்டார். வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான், ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜப்பான்காரர் எழுந்திருக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மாவும் அவசரப்படுத்தாமல் கதவோரம் நின்றாள்.

ஜீப் போனபிறகு அம்மா சேவை அச்சைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மூணு கிண்ணம் சாப்பிட்டாரே. அவங்க ஊர்ல இதெல்லாம் கிடைக்காதா?"

"அங்க கிடைக்கும் கண்ணு. இங்கதான் அவருக்குக் கிடைக்கல."

இப்போதுதானே இதே வீட்டில் மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார்? தன் கையால் ஊற்றிக் கொடுத்ததையே மறந்துவிட்டு உளறுகிறாள் அம்மா என்று தீர்மானித்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.