சாவிக்கொத்து கடைசியில் யாருக்குப் போனது?

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிற கடையில், சார்ஜ் பாதியில் இறங்கிப்போனால் கதையின் மிச்சத்தையும் கடைக்காரிதான் கொடுக்க வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு ஒரே பயம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையாவது முன்பின்னாகச் சொல்லிவிடுவேன், யாராவது படித்துவிட்டு “அப்படி நடக்கவில்லையே” என்று வந்து நிற்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே தொண்டை வறண்ட கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

லுணுகலை டவுனில் என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் செய்வார். பக்கத்து அறையில் நான் கார் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவேன். தொண்ணூறுகளில் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பலவற்றில் கரண்ட் கிடையாது. சின்னக் கறுப்பு வெள்ளை டீவியைக் கார் பேட்டரியில்தான் ஓட்டுவார்கள். பேட்டரி இறங்கியதும், சாக்கைச் சும்மாடாக மடித்துத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருவார்கள். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சேலை அப்போது என்னிடம் இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். “எந்த நாடகம் பெரிசு, நீயே சொல்லு” என்று கேட்பார்களே, அதைத்தான் பொறுக்க முடியாது.

அவளுக்கு எதுக்குச் சார்ஜ்?

அப்போது எல்லோரும் பார்த்தது இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்ப நாடகம். அதன் சரியான பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு மாமியார் நடந்துகொண்டே இருப்பார், அதனால் ‘சாவிக்கொத்து’ என்றே பெயர். இரண்டு மருமகள்களில் யாருக்கு அந்தச் சாவி போகும் என்பதுதான் கதை. நடுவில் புகுந்து கெடுப்பதற்கு, கோணலாகக் கொண்டை போட்ட ஒரு நாத்தனார்.

மேல் லயத்துச் செல்லம்மாக்கா கொழுந்து எடுப்பதிலும் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. மற்றவர்களின் பேட்டரி இறங்கி என் கடைக்கு வந்து திரும்பியும் போய்விடும். அவருடையது மட்டும் வராது. விளம்பரம் வரும்போது டீவியை நிறுத்திச் சார்ஜை மிச்சம் பிடிப்பது எல்லோரும் செய்கிற வேலை. அதற்கு மேல் இவர் என்ன செய்கிறார் என்று எனக்கு ஒரே குடைச்சல். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“கோணக்கொண்டைக்காரி வந்தா எங்க லயத்துல டக்குனு நிறுத்திருவோம். அந்தப் பாதகத்திக்கு எதுக்கு தங்கச்சி நம்ம சார்ஜ செலவழிக்கணும்?”

புள்ளியாகிப் போன மாமியார்

நாடகம் முடிகிற நாள் வந்தது. அன்று பகல் பூராவும் ஆண்கள் கிரிக்கெட் பார்த்தே பேட்டரிகளை உறிஞ்சி வைத்திருந்தார்கள். நாடகம் தொடங்கும்போதே படம் நான்கு பக்கமும் சுருங்க ஆரம்பித்ததாம். மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவுகிறார், கையை நீட்டுகிறார், எதிரே இரண்டு மருமகள்களும் நிற்கிறார்கள். அதோடு மாமியார் ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்துபோனார். மேல் லயத்திலும் இதே கதி, கீழ் லயத்திலும் இதே கதி.

மறுநாள் நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் பெண்கள் கூட்டம். ஒருத்தர் தலையிலும் பேட்டரி இல்லை. டவுனில் கரண்ட் உண்டு என்பதால் நான் கடைசிவரை பார்த்திருந்தேன். பார்த்ததைச் சொன்னேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் போய், சாவிக்கொத்தைக் கிணற்றில் போட்டுவிட்டார் அந்த மாமியார். அவ்வளவுதான் கதை. செல்லம்மாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சாவியக் கெணத்துல போட எந்த மாமியாளுக்காவது மனசு வருமா? நீ தூங்கிட்டே தங்கச்சி. கனவு கண்டுட்டு வந்து எங்ககிட்ட சொல்றே.”

நாடகம் பார்க்காத மாஸ்டர்

அன்றிலிருந்து மேல் லயம் முழுக்க, சாவி மூத்த மருமகளுக்குத்தான் போனது என்று முடிவு கட்டிவிட்டது. கீழ் லயம் முழுக்க, இளையவளுக்குத்தான் என்றது. இரண்டு பக்கமும் என் கடையில் பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு மணிக்கணக்காகச் சண்டை பிடித்தார்கள். கிணறு என்று சொன்ன நான் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவள் ஆனேன்.

அந்த நேரம் பார்த்து, ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை எடுக்க ஒரு மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவருடைய குவாட்டர்ஸில் கரண்ட் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. “மாஸ்டர், சாவிக்கொத்து கடைசி நாள் நீங்க பாத்தீங்கதானே? இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க” என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் உந்தக் குப்பையெல்லாம் பாக்கிறேல்லை. எங்கட காலத்திலை ரேடியோவிலை போட்டாங்கள், அது நாடகம்!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். செல்லம்மாக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டர் திரும்பி வந்தார். ரேடியோவில் ஏதோ கோளாறாக்கும் என்று பயந்துபோனேன். அவர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு என் மேசைக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

“பிள்ளை, சாவியைக் கிணத்துக்கை போடேக்கை அந்த மனுசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. அதைக் கவனிச்சனீரே?”

சம்மந்திகளுக்கு நடுவில் நான்

இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு செல்லம்மாக்காவின் சின்ன மகனுக்கும், கீழ் லயத்துப் பாக்கியத்தின் மகள் வசந்திக்கும் பேச்சு நடந்தது. பையனும் பெண்ணும் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். செல்லம்மாக்கா வீட்டில் மூத்த மருமகள் ஒருத்தி இருந்தாள். வசந்தி போனால் இளைய மருமகள். இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். மூத்தவளுக்குத்தான் சாவி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற வீட்டுக்கு, எந்தத் தாய் பெண் கொடுப்பாள்?

பரிசத்துக்குச் சேலை எடுக்க டவுனுக்கு வந்த இடத்தில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. துணிக்கடைக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தார்கள். பையன் பின்னால் முகம் வெளிறி நின்றான். பாக்கியம் மூச்சிரைக்கச் சொன்னாள், “நீங்களே சொல்லுங்கக்கா. சின்னவளுக்குக் கெடைக்கலன்னா இந்தச் சம்மந்தமே வேணாம். சேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” செல்லம்மாக்கா, “ஒங்க பொண்ணு வந்த அன்னிக்கே எம் மடியில கை வைக்கவா வருது?” என்றார். அந்த வீடு ஒற்றைக் காம்பிரா, ஒரே ஒரு அறை. பூட்டு என்று ஒன்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டிக்கு மட்டும்தான். அதுவும் துருப்பிடித்து, மூடியில் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும். ஆனாலும் சாவி செல்லம்மாக்காவின் இடுப்பில்தான் இருந்தது.

மூத்தவள் என்றால் கல்யாணம் நிற்கும். இளையவள் என்றால் செல்லம்மாக்கா என் கடையில் இருக்கிற ஆசிட்டையே என் தலையில் ஊற்றுவார். வேறு வழியில்லாமல் உண்மையையே திரும்பவும் சொன்னேன். “சத்தியமா கெணறுதாங்க. ரெண்டு பேருக்கும் இல்ல.” பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். மூத்தவளுக்கும் இல்லை என்றால் தனக்குக் குறை இல்லை என்று அவள் முகமே சொல்லிற்று. செல்லம்மாக்கா இடுப்புச் சாவியை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

“கெணறுன்னா சரிதான் சம்மந்தி. கெணத்துல போட்டா தேடி எடுத்துக்கலாம். மருமக கைக்குப் போனா திரும்பி வருமா?”

நம்ம நாடகத்தில் இல்லாதவள்

கல்யாணத்தன்று செல்லம்மாக்கா, கிணறு இல்லாத தோட்டத்தில் கிணற்றுக்கு எங்கே போவது என்று, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குழாய்க்குக் கீழே ஓடுகிற வடிகால் கானில் எல்லோர் முன்னாலும் பெட்டிச் சாவியைப் போட்டார். இரண்டு மருமகள்களும் கும்பிட்டார்கள். அந்த வீட்டில் சாவிச் சண்டை வரவே இல்லை.

பிறகு லயங்களுக்குக் கரண்ட் வந்தது, கலர் டீவி வந்தது, கூரைகளின் மேல் டிஷ் முளைத்தது. பேட்டரி தூக்கி வர ஆள் இல்லை. நான் ரிமோட்டும் வயரும் விற்க ஆரம்பித்தேன். ஆனால் சண்டை மட்டும் என் கடையை விட்டுப் போகவில்லை. வசந்திக்குப் புது நாடகங்கள்தான் உசத்தி. நெற்றியில் இரண்டு பொட்டு வைத்துக்கொண்டு ஒருத்தி எல்லோரையும் மிரட்டுவாளே, அந்த மாதிரி. செல்லம்மாக்கா ரிமோட் வாங்க வரும்போதெல்லாம் பழசைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். “அந்தக் காலத்து நாடகத்துல ஒரு கெட்டவ உண்டுமா? இப்ப தெறந்தாலே கெட்டவதான்.” கெட்டவள் வரும்போதெல்லாம் நீங்கள்தானே நிறுத்தினீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன்.

அப்படியிருக்கும்போது, ஒரு சேனலில் பழைய சாவிக்கொத்தையே மறுபடியும் போட ஆரம்பித்தார்கள். தோட்டமே கூடி உட்கார்ந்து பார்த்தது. இப்போது சார்ஜ் போய்விடுமே என்ற கவலை இல்லை, அதனால் யாரும் நிறுத்தவும் இல்லை. இரண்டாம் நாளே செல்லம்மாக்கா வேர்க்க விறுவிறுக்க என் கடைக்கு வந்தார்.

“ஏந் தங்கச்சி, யாரு இந்தக் கோணக்கொண்டைக்காரி? எப்பப் பாத்தாலும் வந்து நிக்கிறா! நம்ம நாடகத்துல இவ இவ்வளவு நேரம் வரமாட்டாளே. இந்தியாக்காரங்க புதுசா எடுத்து நடுவுல சொருகிட்டாங்க!”

மொனராகலை பஸ்

நாடகம் கடைசி நாளை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் கிணறு கிணறு என்று சொல்லி, அதை நம்பி ஒரு கல்யாணம் நடந்து, ஒரு சாவியும் கானோடு போயிருக்கிறது. அது உண்மையில் கிணறுதானா? செல்லம்மாக்கா சொன்னதுபோல் நான் தூங்கித்தான் போனேனோ? வீட்டுக்காரரைக் கேட்டால், “எனக்கெப்படித் தெரியும்? நான் அன்னிக்கு ஒரு ரேடியோவப் பிரிச்சு வச்சிருந்தேன்” என்றார். கிணற்றையும் கண்ணீர் விடாததையும் என் காதில் சொன்ன மாஸ்டரை மறுபடி கேட்கலாமென்றால், அவர் மாற்றலாகி ஊருக்கே போய்விட்டார். இதற்குள் வசந்தி ஒருநாள் கடைக்கு வந்து, “சின்னவளுக்குத்தான்னு வந்துச்சுன்னா, அத்தைகிட்ட வேற சாவி செஞ்சு தரச் சொல்வேங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குச் சிரிப்பு. நான் பஸ் நேரம் விசாரித்து வைத்தேன்.

கடைசி நாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டு மொனராகலைக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் தங்கச்சி வீடு. செல்லம்மாக்கா டீவியை நிறுத்துகிற கதையெல்லாம் அவளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். சாயந்தரம் அவளும் அதே நாடகத்தைப் போட்டுக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மாமியார் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகிற நேரம் பார்த்து, எழுந்துபோய் டீவியை நிறுத்திவிட்டேன். தங்கச்சி பதறிப்போய் என்னையும் டீவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னக்கா, அந்தக் கோணக்கொண்டைக்காரி வந்துட்டாளா?”

எது சிறந்த நாடகம் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். முடிவு தெரிவதற்கு முன்னால் எனக்குப் பஸ் கிடைக்கிற நாடகம் எதுவோ, அதுதான் சிறந்தது.