குராசாவுக்குப் போகவேண்டிய நாய்

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து ஃப்லீலாண்ட் தீவுக்குப் போகும் பயணிகள் படகில் இருபத்திரண்டு வருடமாகக் காப்பியும் பட்டாணி சூப்பும் விற்றவள் ரென்ஸ்கே பாண்ட்ஸ்ட்ரா. படகு எப்படி ஆடினாலும் கோப்பை தளும்பாமல் நடக்கத் தெரிந்தவள். ஐம்பத்தேழாவது வயதில் அந்த வேலைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அவளோடு பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த வீப்ரென் கப்பல் என்ஜின் மெக்கானிக். கரீபியன் கடலில் இருக்கும் குராசாவ் தீவில், ஒரு கப்பல் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜனவரியில் அவன் முன்னால் போவது, வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு மே மாதம் அவள் போய்ச் சேர்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

நாயைப் பயணத்துக்குத் தயார் செய்வது அவள் பொறுப்பு. டூராக் என்பது அதன் பெயர். போக்கிரி என்று அர்த்தம். கறுப்பும் வெள்ளையுமாகச் சடை தொங்கும் ஃப்ரீஸ்லாந்து நாய். ஐந்து வயது.

"நாயைப் பத்திரமா அனுப்பிடு ரென்ஸ்கே. இந்த மாதிரி வேலையெல்லாம் உன்னை விட்டா யாருக்கும் சரியா வராது" என்று கிளம்பும்போது வீப்ரென் சொன்னான். அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. முதல் வாரமே டாக்டர் ரூர்டாவிடம் நாயைக் கூட்டிப் போனாள். கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பின் எண்ணைச் சரிபார்த்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, நாயின் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கினாள். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து எந்தத் தேதியில் கொடுக்கவேண்டும், உடல்நலச் சான்றிதழைப் பயணத்துக்கு எத்தனை நாள் முன்னால் வாங்கவேண்டும் என்பதையெல்லாம் நாட்காட்டியில் பச்சை மையால் எழுதி வைத்தாள்.

"அங்கே வெயில் கொளுத்துமாமே டாக்டர். சடையை மழிச்சிடலாமா?"

"மழிக்காதீங்க. வெயிலைத் தாங்க அதுக்கு இருக்கறதே அந்தச் சடைதான். மத்தியானத்துல வெளியே விடாம இருந்தாலே போதும்."

"பயணத்துக்குத் தூக்க மருந்து ஏதாவது?"

"கூடவே கூடாது. மயக்கத்துல இருக்கற நாயை விமானத்துல ஏத்தமாட்டாங்க. முழிச்சிருக்கும்போதே பயப்படாம இருக்கப் பழக்குங்க. அது உங்க கையிலதான் இருக்கு."

விமானப் பயணத்துக்கான கூண்டு வந்து இறங்கியதும் டூராக் அதைப் பார்த்துவிட்டு மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ரென்ஸ்கே கூண்டின் கதவைக் கழற்றிவிட்டாள். உள்ளே தன்னுடைய பழைய கம்பளிச் சட்டையை விரித்தாள். ஈரல் சாசேஜைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, முதலில் கூண்டுக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே என்று தினமும் நாலு முறை வைத்தாள். பத்தாம் நாள் அது முழுசாக உள்ளே போனது. அப்போது "உள்ளே" என்ற சொல்லைச் சேர்த்தாள். அப்புறம் கதவை மாட்டினாள். அரை நிமிடம் பூட்டினாள், பிறகு ஐந்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம். வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் ஓடவிட்டாள். கூண்டின் பிளாஸ்டிக் பிடிகளை எடுத்துவிட்டு இரும்புத் திருகுகள் போட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை உறையவைத்து மாட்டினால் தளும்பாது, மெல்ல உருகும் என்று எங்கேயோ படித்து, அதையும் மூன்று முறை செய்து பார்த்தாள்.

பிப்ரவரியில், என்ஜின் சத்தம் பழகட்டும் என்று கூண்டை நாயோடு படகுக்கே கொண்டுபோனாள். அவளோடு வேலை செய்யும் ஹில்த்யா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, இன்னிக்கு சூப்புக்கு என்ன கறின்னு யோசிச்சிட்டிருந்தேன். நீயே கொண்டு வந்துட்டியா?"

"வாயை மூடு. அது குராசாவுக்குப் போற நாய்."

"நாய்க்குத் துணையா நீ போறியா, உனக்குத் துணையா நாய் போகுதா? ஞாயித்துக்கிழமை போன்ல உன் ஆளு உன்னைப் பத்தி ஏதாவது கேக்கறானா?"

ரென்ஸ்கே கூண்டை என்ஜின் சத்தம் கேட்கும் பக்கமாகத் தள்ளினாள். வீப்ரென் ஞாயிறு தவறாமல் பேசினான். டூராக் கூண்டுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஊசி போட்டாயிற்றா, எடை கூடியிருக்கிறதா என்று விசாரித்தான். நாயைப் பிரிந்த மனிதன், வேறெதைக் கேட்பான் என்று அவளே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் ஏற்பாடு கொஞ்சம் மாறியது.

"மே வரைக்கும் வேண்டாம். சூடு ஏறிட்டா நாயை விமானத்துல ஏத்த மறுத்துடுவாங்க. எங்க ஆபீஸ்ல மிர்யம்னு ஒருத்தி லீவுல வந்திருக்கா. ஏப்ரல்ல திரும்பறா. அவளோட டூராக் வந்துடட்டும். நீ வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு நிம்மதியா வா" என்றான் வீப்ரென்.

நாயோடு சேர்ந்து பறக்கப்போகிறோம் என்று நினைத்திருந்தவளுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் காரணம் சரியாகத்தான் பட்டது. சான்றிதழ் விண்ணப்பத்தில் 'உடன் செல்பவர்' என்ற கட்டத்தில் மிர்யமின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள்.

பயணத்துக்கு நாலு நாள் முன்பு, திங்கட்கிழமை மத்தியானம், நாயோடு பழகிக்கொள்வதற்காக மிர்யம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. புது ஆள் வந்தால் டூராக் பத்து நிமிடமாவது குரைக்கும். அதனால் ரென்ஸ்கே சாசேஜ் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கப் போனாள். மணி அடித்தபோது நாய் குரைக்கவில்லை. கதவுக்கடியில் மூக்கை வைத்து முனகியது. திறந்ததும் வந்தவளின் காலடியில் மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆட்டியது.

"என் குண்டுப் பையா! எத்தனை நாளாச்சு உன்னைப் பார்த்து!" என்று மிர்யம் மண்டியிட்டு அதன் வயிற்றைத் தடவினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல முகம்.

ரென்ஸ்கே சாசேஜோடு நின்றாள்.

"உங்களை முன்னாடியே தெரியுமா இவனுக்கு?"

"தெரியாம என்ன? கண்ணு திறந்த புதுசுலேர்ந்து தெரியும். பெட்டியில ஏழு குட்டி கிடந்துச்சு. வீப்ரென் வேறே ஒண்ணைத்தான் பார்த்துட்டிருந்தார். நான்தான் இவனை..." மிர்யம் நிமிர்ந்து ரென்ஸ்கேயின் முகத்தைப் பார்த்தாள். கை நாயின் வயிற்றிலேயே நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்ன தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் பிரியறதாப் பேசி முடிச்சிட்டதா... போன செப்டம்பர்லயே. நீங்க பெருந்தன்மையா நாயைப் பார்த்துக்கறதா ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னார். நான் அதுக்கு நன்றி சொல்லணும்னுதான்..." வாங்கி வந்த பூங்கொத்து அவள் பையிலிருந்து பாதி வெளியே தெரிந்தது.

"நீங்க அவன் ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்க இல்லை."

"இல்லை. லேவார்டன்ல முடி வெட்டற கடை வெச்சிருந்தேன். போன மாசம்தான் மூடினேன்."

ரென்ஸ்கே சமையலறைக்குப் போனாள். நாயின் பயிற்சி நேரம் ஆகியிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இன்னும் கொஞ்சம் சாசேஜ் நறுக்கினாள். ஐந்து வருடம். சனிக்கிழமை முழுதும் அவளுக்குப் படகில் வேலை. வீப்ரென் நாயைக் கடற்கரை அணைக்கட்டு வழியாக நடக்கக் கூட்டிப் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவான். பல சனிக்கிழமைகளில் நாய் ராச்சாப்பாட்டைத் தொடாது. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அவள் சோறும் கேரட்டும் வேகவைத்துக் கொடுத்திருக்கிறாள். அதுவோ மிர்யம் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருக்கிறது.

திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை காலையில ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு நாயை நானே கொண்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. மிர்யம் அழுதுகொண்டே போனாள். பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே ரென்ஸ்கே வீப்ரெனைக் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை நேரம். பின்னால் பட்டறையில் சுத்தியல் சத்தம்.

"அவ வந்துட்டுப் போனா" என்றாள்.

அவன் கதவை மூடினான்போல, சுத்தியல் சத்தம் அடங்கியது. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான் பிறகு.

"எப்போ சொல்றதா இருந்தே?"

"நாய் இங்கே வந்து சேர்ந்ததும். முன்னாடியே சொன்னா நீ அதை அனுப்பமாட்டியோன்னு பயம்."

"அதுக்காக என்னை வேலையை விட வெச்சே. வீட்டை விட வெச்சே."

"வேலையை விடச் சொல்லி நான் சொல்லவே இல்லை ரென்ஸ்கே. நீயாத்தான் விட்டே. நான் தடுக்கல, அவ்வளவுதான்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மூன்று நாளும் நாய்க்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள், நடக்கக் கூட்டிப் போனாள். ஆனால் அதோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீப்ரென் மேல் வந்த கோபத்தைவிட நாய் மேல் வந்த கோபம் அவளை அதிகமாக வாட்டியது. ஐந்து வருடமாக அந்த இன்னொரு வீட்டின் மெத்தையையும் கிண்ணத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டு, இவள் காலடியிலும் வந்து படுத்திருக்கிறது. வாயில்லாப் பிராணியிடம் கோபிக்கிறோமே என்று வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் கோபம் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை ஹில்த்யா தன் வண்டியில் கூட்டிப் போனாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். "மூணு மாசம் நாயைப் பழக்கி அவ மடியில கொண்டு போய் வெக்கறியே, உனக்குப் பித்து பிடிச்சிருக்கா?"

"ஆரம்பிச்ச வேலை. முடிச்சிடறேன்."

விமான நிலையத்தில், பெரிய சாமான்கள் வாங்கும் இடத்தில் மிர்யம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ரென்ஸ்கே கூண்டைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்தாள். "உள்ளே" என்றாள். டூராக் வாலை ஆட்டிக்கொண்டு போய், ஒரு சுற்றுச் சுற்றி, கம்பளிச் சட்டை மேல் படுத்தது. சுற்றிலும் சக்கரப் பெட்டிகள் கடகடவென்று உருண்டன. அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தாளிட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்கு அவன் செய்ததையே தான் இதற்குச் செய்துகொண்டிருக்கிறோம். சாசேஜைக் காட்டிக் காட்டி, நம்பவைத்து, பூட்டி அனுப்புகிறோம்.

அலுவலர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா எல்லாத்தையும் தயார் பண்ணி யாரும் கொண்டு வந்ததில்லை மேடம். பதிவுல சொந்தக்காரர் நீங்கதான். ஒப்படைக்கறதா இங்கே ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

பேனாவை எடுத்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"நாய் வரல" என்றாள்.

"என்ன மேடம்?"

"நாய் எங்கேயும் வரல. அவங்க மட்டும்தான் போறாங்க."

மிர்யம் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். ரென்ஸ்கே கூண்டைத் திறந்து "வா" என்றாள். டூராக் அசையவில்லை. குனிந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது இன்னும் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. உள்ளே போக மூன்று மாதம் கற்றுக்கொடுத்தவள், வெளியே வர ஒரு சொல்லும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சாசேஜும் தீர்ந்துவிட்டது. அவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கெஞ்சினாள். பின்னால் வரிசை நீண்டது.

மிர்யம் மெதுவாக, "நான் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள்.

அவள் கூப்பிட்டால் வந்துவிடும் என்று ரென்ஸ்கேக்குத் தெரியும்.

"வேண்டாம்."

கடைசியில் அவளும் ஹில்த்யாவும் நாயோடு சேர்த்தே கூண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாகன நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஹில்த்யா மூச்சு வாங்கிக்கொண்டே, "ராஜா பல்லக்குல போறாரு பாரு" என்றாள். ரென்ஸ்கேக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது.

வீடு வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. படகில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். கோடைக்கு மட்டும் கூடுதல் ஆளாக அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் நின்றுவிடவே வேலை நிலைத்தது. ஃப்லீலாண்ட் தீவில் ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வீப்ரென் முதலில் கெஞ்சி எழுதினான். பிறகு, நாய்க்குட்டியை வாங்கியவன் தான் என்று வக்கீலை விட்டு எழுதவைத்தான். பதிவு அவள் பெயரில் இருந்ததால் அது அத்தோடு நின்றது. ஹில்த்யா ஒருநாள், "நாயை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாள். "பேச ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள் ரென்ஸ்கே.

டிசம்பரில், காற்று பலமாக இருந்த ஒரு மத்தியானம், காப்பி வரிசையில் நாலாவது ஆளாக வீப்ரென் நின்றான். முகம் கறுத்து, இளைத்திருந்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே கவுண்டருக்கடியில் கிடந்த டூராக் பாய்ந்து போய் அவன் மேல் ஏறியது. அவன் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டான். இத்தனை மாதத்தில் தன்னை ஒருமுறையாவது அது அப்படி வரவேற்றதில்லை என்று பார்த்துக்கொண்டே ரென்ஸ்கே அடுத்தவருக்குக் காப்பி ஊற்றினாள். தீவு வரும்வரை அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

படகு கரையை அணைந்தபோது அவன் கவுண்டருக்கு வந்தான். "இதே படகுல திரும்பிப் போயிடறேன். அப்பப்போ ஒரு படமாவது அனுப்பறியா? நாயோட படம்."

"என்கிட்டே ஏதாவது சொல்லணும்னு வந்தியா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "என்ன சொல்றதுன்னு தெரியல."

"அப்போ படமும் கிடையாது."

அன்று அந்தப் பயணத்தோடு அவள் வேலை முடிந்தது. நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு, படகிலிருந்து கரைக்குப் போட்ட பாலத்தில் இறங்கினாள். கரையில் அது நாலடிக்கு ஒரு தடவை நின்று, படகைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வாரை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது.

"போதும், நட. நானே திரும்பிப் பார்க்கல, உனக்கென்ன?" என்று அதட்டினாள்.

அது பொய். பாலத்தில் இறங்கும்போதே ஒருமுறை பார்த்திருந்தாள்.