வலது பின்சக்கரம்

கார் பந்தயத்தில் டயர் மாற்றுவதற்காகக் கார்கள் உள்ளே வந்து நிற்கும் சந்து ஒன்று உண்டு. பிட் லேன் என்பார்கள். அங்கே மைக்கோடு ஓடுவதுதான் அவருக்கு வேலை. எந்தக் கார் வந்தது, ஏன் வந்தது என்று டிவியில் உடனுக்குடன் சொல்ல வேண்டும். சோபாவில் சாய்ந்து பார்க்கிறவர்களுக்கு ஜாலியான வேலை. தீப்பிடிக்காத கனத்த உடுப்புக்குள் வெந்துகொண்டு, ஒரு காதில் இன்ஜின் அலறலும் இன்னொரு காதில் டிவி இயக்குநரின் அதட்டலுமாக நிற்கிறவருக்கல்லவா தெரியும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாதிப் பந்தயத்திலேயே முழங்கால்கள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். வீட்டில் மனைவி எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவர் காதில் விழும்.

மனைவியின் தம்பி ஒரு சின்ன அணியில் மெக்கானிக். வலது பின்சக்கரம் அவன் பொறுப்பு. புதுச் சக்கரத்தை மாட்டி, நட்டை முடுக்கி, கையைத் தூக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் கை உயர்ந்தால்தான் கார் கிளம்பும்.

அன்றைய பந்தயத்தில் அந்த அணியின் கார் அதிசயமாக இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டயர் மாற்ற வந்தது, போனது. முதல் வளைவிலேயே வலது பின்சக்கரம் கழன்று உருண்டு வேலியில் மோதியது. யாருக்கும் அடியில்லை. பந்தயம்தான் போச்சு.

இயக்குநர் காதில் கத்தினார். "சக்கரம் மாட்டினவன் யாரு? அவன் மூஞ்சி வேணும், இப்பவே!"

வேறு யாரையாவது அனுப்பச் சொல்ல வாயெடுத்தார். அனுப்ப ஆள் இல்லை. கேமராக்காரர் முன்னால் ஓட, இவர் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மச்சினன் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன ஆச்சு?" மைக்கை நீட்டினார்.

"நட்டு உக்காந்துடுச்சுன்னு நெனச்சுத்தான் கையத் தூக்கினேன், மாமா."

அந்த 'மாமா' நேரலையில் நாடு முழுக்கப் போனது. இயக்குநருக்கு ஒரே குஷி. "மாமாவா! விடாதீங்க, இன்னும் கேளுங்க!" இவரோ "போய்த் தண்ணி குடிப்பா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என் தம்பிகிட்ட மைக்க நீட்ட எப்படிங்க கை வந்துச்சு உங்களுக்கு?"

"நான் கேக்கலன்னாலும் அவன் மூஞ்சியக் காட்டத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். அதற்கப்புறம் வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. "சாப்பாடு இருக்கு." "சாவி மேஜைமேல."

சில நாள் கழித்து மச்சினனே போன் செய்தான். அணிக்காரர்கள் பிரித்துப் பார்த்தார்களாம். சக்கரம் மாட்டும் அச்சில் நட்டைப் பிடிக்கும் மரை தேய்ந்திருந்ததாம், எப்படி முடுக்கியிருந்தாலும் நட்டு நின்றிருக்காதாம்.

"என் தப்பு இல்லையாம் மாமா. ஆனா எங்க தெருக் கடைக்காரர் இன்னும் 'என்னப்பா, சக்கரம் கெடச்சுதா'ன்னுதான் கேக்கறாரு."

இயக்குநரிடம் போய், இதைச் சொல்ல ஒரு நிமிஷம் கேட்டார். "ஆறின கதைங்க அது. யார் பாப்பாங்க?" என்று சொல்லிவிட்டார் அவர்.

அடுத்த பந்தயத்தில் மழை பிடித்துக்கொண்டது. பந்தயத்தை நிறுத்திவைத்தார்கள். எதையாவது பேசி ஓட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. குடைக்கடியில் நின்று மேகம், ஈரம், டயர் என்று இழுத்துக்கொண்டே போனவர், நடுவில் மூச்சு விடாமல் சொன்னார்: "போன பந்தயத்துல சக்கரம் கழண்டதுக்கு மாட்டினவர் காரணம் இல்ல, அச்சுல மரை தேஞ்சிருந்தது." காதில் ஒரு சத்தமும் வரவில்லை. இயக்குநர் கவனித்தாரோ என்னவோ. இவர் மறுபடியும் மேகத்துக்குப் போய்விட்டார்.

தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது மனைவி துண்டை நீட்டினாள்.

"பாத்தேன். மழையப் பத்தி அவ்வளவு நேரம் பேசினீங்க. அவனுக்கு ஒரு வரிதானா?"

"அவ்வளவுதான் எடம் கெடச்சுது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உடனே அவனுக்குப் போன் போட்டேன். டிவியே போடலையாம். தூங்கிட்டானாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை. குனிந்து ஈரக் காலுறையை உருவிக்கொண்டே, "தூங்கட்டும் விடு" என்றார்.