நேர்ந்த கோழியின் காலில் சிவப்புக் கயிறு

என் கணவரின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும் என்று முனியாண்டிக்கு ஒரு கோழி நேர்ந்துகொண்டேன். மலேசியாவின் கமுந்திங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஆறு கோழிகள் வளர்க்கிறேன். நேர்ந்த கோழி மாறிவிடக் கூடாதே என்று அதன் காலில் சிவப்புக் கயிறு கட்டினேன்.

மறுநாள் காலை அந்தக் காலில் ரத்தம்.

"மூசாங் பூனை வேலதான்லா இது. கூட்ட நல்லா அடைச்சு வை" என்றார் கணவர். இரவில் கோழி பிடிக்க வரும் மரநாயை இங்கே மூசாங் என்போம்.

கம்பிவலையின் ஓட்டைகளை அடைத்தேன். காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் பூசி, மற்றக் கோழிகளோடு சேர்த்தே பூட்டினேன். அடுத்த நாள் காயம் பெரிதாகியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் பெரிது. சிகிச்சைக்கு நான்கே நாள்தான் இருந்தது. சாமி கோழிக்கே இப்படியென்றால் வேண்டுதல் என்ன ஆகுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்று மழை. கோழிகளைத் திறந்துவிடாமல் தீனி போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு கோழி அந்தக் கயிற்றைப் புழு என்று நினைத்துக் கொத்தி இழுத்தது. ரத்தத்தைக் கண்டதும் மற்றவையும் ஓடி வந்து கொத்தின.

கயிற்றை அறுத்து, காயம்பட்ட கோழியைத் தனிக் கூடையில் விட்டேன். கணவரிடம் சொன்னபோது, "அப்ப மூசாங் நீதான்லா" என்றார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காயம்பட்டதைப் படைக்கக் கூடாது என்பதால் வேறு கோழியைப் படைத்தோம். காயம்பட்ட கோழி கால் ஆறி இன்னும் முட்டையிடுகிறது.

இப்போதெல்லாம் சின்னக் காயம் என்றாலும் கோழியை முதலில் தனியே பிரித்துவிடுகிறேன். நேர்ந்த கோழிக்குக் கயிறு கட்டுவதில்லை. தன் கோழி எதுவென்று முனியாண்டிக்குத் தெரியும். மற்றக் கோழிகளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.