கந்தவேல் சார் என் மகள் காலைக் கெடுக்கவில்லை

கந்தவேல் சார் போய்விட்டார். தறிப்பட்டறையிலிருந்து டீ குடிக்க வெளியே வந்தபோது மகள் போன் செய்து சொன்னாள். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லையாம்.

என் மகள் சுகன்யா படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அவளை இருநூறு மீட்டர் ஓட வைத்தவர்.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம்ம ஊர் வாட்ஸப் குரூப்பில் இதை நான்தான் எழுத வேண்டும்.

அவள் பத்தாவது படித்தபோது, பிராக்டிஸில் ஓடிக்கொண்டிருந்தவள் யாரோ கல்லால் அடித்த மாதிரி பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சார்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். "ஹாம்ஸ்ட்ரிங்குங்க. பின்தொடைத் தசை" என்றார்.

"முன்னால ஓடுற புள்ளைக்குப் பின்னால எப்படிங்க சார் புடிக்கும்?"

"தறியில பாவு நூலு எப்பங்க அறும்?"

"இழுவை தாங்காட்டி அறுந்துருமுங்க."

"அதேதானுங்க. முழு வேகத்துல காலை முன்னால வீசுறப்ப அந்தத் தசை நீண்டுக்கிட்டே போவும். கால் தரையில படறதுக்குள்ள அந்த வீச்சைப் புடிச்சு நிறுத்தறதும் அதே தசைதான். அந்த எடத்துலதான் கிழியும்."

மூன்று வாரம் ஓடக் கூடாது என்றார். "ரெண்டாம் வாரமே நல்லாயிட்ட மாதிரி இருக்கும், நம்பிப் போடாதீங்க. எண்ணெய் கிண்ணெய் போட்டு உருவ வேண்டாமுங்க."

தலையை ஆட்டினேன்.

நான் இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. இரட்டையாகப் பிறந்தவர்கள் வழித்துவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. தெருவில் யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுக்கிறவள் சொந்தப் பிள்ளையைச் சும்மா படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று...

மறுநாளே விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, கட்டைவிரலை அழுத்தி, முழங்கால் மடக்கிலிருந்து மேலே வழித்தேன். மூன்று நாள் வழித்தேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

"வலிச்சாத்தான் போவும் சாமி. மாஸ்டர்கிட்டச் சொல்லிப் போடாத."

பன்னிரண்டாம் நாள் மாவட்டப் போட்டி. வேண்டாம், அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று சார் போனில் சொன்னார். "புள்ள ஊட்டுல குதிச்சு ஆடுதுங்க சார். ஒரு வலியும் இல்லீங்க" என்று நான் சாதித்தேன். அவளும் நான் சொல்லிக்கொடுத்ததையே அவரிடம் சொன்னாள்.

வளைவு முடிந்து நேர்க்கோட்டுக்கு வந்ததும் விழுந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் கேட்டார், "இதை யாராச்சும் உருவி உட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

சார் பக்கத்தில்தான் நின்றார். பிள்ளையின் பேன்ட்டில் துவைத்தும் போகாத விளக்கெண்ணெய் வாடை. என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பள்ளிக்கூட கேட்டில் நான் போட்ட சத்தம் இதைப் படிக்கிற பல பேருக்கு ஞாபகம் இருக்கும். "எம்புள்ள காலைக் கெடுத்துப் போட்டியே, நீயெல்லாம் ஒரு வாத்தியானா?" அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளை ஓட்டத்துக்கு அனுப்பவில்லை. பெண்பிள்ளைகள் டீமையே அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... ஊரில் கெட்ட பேர் வரும், யாரும் என்னிடம் சுளுக்கு எடுக்க வரமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனாலும் அவர் சாயங்காலம் சாயங்காலம் வருவார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று அவளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். "குதிகாலை ஊணு... இடுப்பத் தூக்கு... மெதுவா சாமி."

"ஆமையாட்டம் ஆயிட்டனுங்க சார்" என்பாள் அவள்.

"ஆமைக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சு நீ பாத்திருக்கியா? கம்முனு செய்."

அவள் சிரிப்பாள். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஆறு மாதத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொடுத்ததில்லை.

ஒருநாள் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "தசை கிழிஞ்சிருந்தா வழிக்கக் கூடாதுங்க. இனி யாராச்சும் வந்தா டாக்டர்கிட்ட அனுப்பிருங்க." என் முகத்தைப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

தெரிந்திருக்கிறது. கடைசிவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

சுகன்யா இப்போது நன்றாக நடக்கிறாள், அவள் குழந்தை பின்னால் ஓடுகிறாள். பந்தயம் மட்டும் ஓடவே இல்லை.

அன்றைக்கு கேட்டில் என் சத்தத்தைக் கேட்டவர்கள் இதையும் படியுங்கள். அந்தக் காலை வழித்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். சார் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

நாளைக் காலையில் எடுக்கிறார்களாம்.

வாரேன் சார். மொதல்ல உங்க ஊட்டம்மாகிட்டச் சொல்றேன். அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அப்புறந்தான் உங்க மொகத்தைப் பாப்பேன்.