குழந்தைவேலு அண்ணன் கேட்ட சத்தம்

1. எழுபதுக்கு மேலே

“இன்னுங் கொஞ்சம் வைங்க அம்மிணி.”

ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் எழுபதைத் தாண்டிவிட்டது. சாரத்துப் பலகையில் மேஸ்திரி வைத்துவிட்டுப் போன கரண்டி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. சரசு அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் குழந்தைவேலு அண்ணன் மட்டும் ஹால் நடுவில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, இன்னும் என்று கையைக் காட்டினார்.

இருபது வருடமாக வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் போட்டுத் தருகிறேன். ஆபீஸ் சேலத்தில், வேலை பெரும்பாலும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம். போன இடமெல்லாம் என்னைப் பார்த்ததும் “இன்ஜினியர் பின்னால வாராருங்களா?” என்பார்கள். நான்தான் என்று சொல்லிவிட்டு அளக்கிற டேப்பை எடுப்பேன். சுவர் பூசுவதற்கு முன்பே கூப்பிடச் சொல்வது என் வழக்கம். பூசிவிட்டால் வயர் போகிற பைப்பைப் பதிக்கச் சுவரை வெட்ட வேண்டும். டிவி எந்தச் சுவர், ஸ்பீக்கர் எந்த உயரம், யார் எங்கே உட்காருவார்கள் என்பதெல்லாம் செங்கல் தெரியும்போதே முடிவாகிவிட வேண்டும். அதற்காக ஒரு டெமோ செட்டை வண்டியில் வைத்திருப்பேன்.

மல்லசமுத்திரம் தாண்டித் தோட்டத்துக்குள் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. அண்ணன் முப்பது வருடம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் இருந்தவர். டிரில்லராகப் போய், பிறகு சொந்தமாக ரிக் வாங்கி, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றியவர். மழைக்காலத்தில் மட்டும் ஊருக்கு வருவார். ரிக்கை விற்றுவிட்டு ஊரோடு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

வெளியே போய் அக்காவிடம் பேசினேன்.

“டிவி போட்டாருன்னா தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கெல்லாம் கேக்கும் கண்ணு. நான் சமையக்கட்டுக்குப் போயிருவேன். புது ஊட்டுலயாவது மாடியில அவருக்குத் தனியா ஒரு ரூம் போட்டுக் குடுத்துருங்க. சத்தம் வெளிய வரவே கூடாது.”

2. ஒரு சேர்

அக்கா சொன்னது எனக்குச் சுலபமான வேலையாகத் தெரிந்தது. மாடியில் பன்னிரண்டுக்குப் பதினாறு ரூம். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவருக்கு ராக்வூல், கதவுக்கு ரப்பர் பீடிங், உறுமல் சத்தத்துக்குப் பெரிய சப்-ஊஃபர் இரண்டு, எதிரே சாய்ந்து உட்கார ஒரு ரிக்ளைனர். நான்கு நாளில் டிராயிங் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லா வந்திருக்கிறது என்று எனக்குள் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அண்ணன் தாளை சிமெண்ட் மூட்டை மேல் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரிக்ளைனர் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“ஒரு சேருதானுங்களா?”

“அக்கா வர மாட்டேன்னு சொன்னாங்கண்ணா.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “முப்பது வருசம் வண்டிக்கடியில தனியாப் படுத்துக் கெடந்தனுங்க. இந்த ஊட்ட எதுக்குக் கட்டறேன்னு நெனச்சீங்க? அவளும் நானும் ஒரு எடத்துல உக்கோந்து ஒரு படம் பாக்கோணும். அவ்வளவுதானுங்க.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஹாலிலேயே செய்து பார்ப்போம் என்றேன்.

3. நின்றுபோன சத்தம்

ஹாலில் எதிரொலி எவ்வளவு என்று பார்க்க மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து ஒரு டெஸ்ட் டோன் விடுவோம். அடிவயிற்றில் உறுமுகிற மாதிரி ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, விசில் மாதிரி முடியும். அன்றைக்கும் விட்டேன். அக்கா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மைக்குக்குப் பக்கத்தில் நின்றார்.

விசில் ஏற ஆரம்பித்ததும் அக்கா முகத்தைச் சுளித்தார். அதே நேரம் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“நின்னுபோச்சுங்களா அம்மிணி? கரண்டு போயிருச்சா?”

சத்தம் நிற்கவில்லை. எனக்குக் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. “ஆமாங்கண்ணா, நின்னுபோச்சு” என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன். அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு அனுப்பிவிட்டு அண்ணனிடம் போனேன்.

“எத்தனை நாளா இப்படி?”

அவருக்குப் புரிந்துவிட்டது. சாரக்கம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பத்து வருசத்துக்கு மேல இருக்குமுங்க. ரிக்குல கம்ப்ரசர் பக்கத்துலயே நின்ன காதுங்க இது. சத்தம் கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் பிரியறதில்ல. அதான் கூட வைக்கறது. சரசுகிட்டச் சொல்லிராதீங்க.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விசில் மாதிரி மேல் சத்தம் கேட்காமல் போய்விட்ட காதுக்கு வால்யூமைக் கூட்டினால் உறுமல்தான் கூடும், பேச்சு தெளியாது. இருக்கிற காதும் கெட்டுவிடும். முதலில் சேலத்தில் காது டெஸ்ட் எடுங்கள், ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பைப் பதிக்க மாட்டேன் என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் ஸ்பீக்கர் போடத்தானுங்க உங்களக் கூப்பிட்டேன். வைத்தியம் பாக்கவா கூப்பிட்டேன்?” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டார். தண்ணீர்ச் சொம்போடு வந்த அக்கா, போகிறவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூன்று வாரம் போன் இல்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை. பூச்சு வேலை தொடங்கப் போவதாக மேஸ்திரி மட்டும் சொன்னார். ஒரு வேலை கை நழுவிய வருத்தத்தைவிட, ஒருத்தர் பத்து வருடமாகப் பொத்தி வைத்திருந்ததைப் போட்டு உடைத்துவிட்டேனோ என்கிற உறுத்தல்தான் பெரிதாக இருந்தது.

4. கிராஃப்

பிறகு அக்காவே கூப்பிட்டார். “சேலத்துக்கு வரச் சொல்றாரு கண்ணு. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களும் வந்துருங்க.”

காது டெஸ்ட் எடுத்த டாக்டரம்மா ஆடியோகிராம் தாளை மேஜைமேல் வைத்துக் காட்டினார். கோடு பாதி தூரம் சமமாக வந்து, அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. “ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் கோடு எறங்கற இந்தப் பக்கம்தாங்க இருக்கு. இவருக்கு அதெல்லாம் விழாது. பக்கத்துல மெதுவாப் பேசினா சுத்தமாத் தெரியாது.”

அக்கா அந்தக் கோட்டையே பார்த்தார்.

“நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டாருங்க,” என்றார் டாக்டரம்மாவிடம். “ஊருக்கு வந்தாலும் எம்பேச்சுக்குப் பதிலே வராது. அங்கயே இருந்து பழகி, நான் வேண்டாதவளாப் போயிட்டேன்னு நெனச்சிக்கிட்டேனுங்க.”

அண்ணன் மடியில் இருந்த துண்டை முறுக்கினார். “கேக்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சரசு.”

“என்னைய அழ வெக்கறதுக்கு வெக்கமா இல்லியா?” என்று அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. நான் காரிடாருக்கு வந்துவிட்டேன்.

5. இரண்டு வால்யூம்

ஹால் பூச்சை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, டிராயிங்கைத் திரும்பப் போட்டேன். சப்-ஊஃபர் ஒன்று போதும். பேச்சு வருகிற சென்டர் ஸ்பீக்கருக்கு நல்ல மாடல், காது உயரத்தில். எதிரொலியைக் குறைக்கப் பின்சுவரில் துணி பேனல், ஜன்னல்களுக்குக் கனமான திரை. ரேக்கில் ஒரு சின்ன டப்பா. அது டிவி சத்தத்தை வயரில்லாமல், டாக்டரம்மா அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த காது மெஷினுக்கு நேராக அனுப்பும். அக்காவுக்கு ஹால் ஸ்பீக்கர், அண்ணனுக்குக் காதுக்குள். சோபா ஒன்று, வால்யூம் இரண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்டு மாற்றி வாங்கினேன். டிவி சத்தம் வரும்போது மெஷின் தன்னுடைய மைக்கை மூடிவிடும் மாதிரி செட்டிங் இருந்தது. அதைத் திறந்தே வைக்கச் சொன்னேன். அடுப்படியிலிருந்து அக்கா கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்கிற எண்ணம்தான். வேறொன்றும் பெரிதாக யோசிக்கவில்லை.

கிரகப்பிரவேசம் முடிந்த வாரம், வேலையை ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவருக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டு, நான் பின்னால் ரேக் பக்கத்தில் நின்று லெவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் வால்யூம் இருபத்தெட்டில் நின்றது.

பத்து நிமிடம் போயிருக்கும். அண்ணன் டிவியை விட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

“நீ படம் பாக்கறப்ப பேசிக்கிட்டேவா இருப்பே?”

அக்கா திடுக்கிட்டார். “நான் எங்க பேசுனேன்?”

“இப்பக்கூட, ‘அவன நம்பாதடி, ஏமாத்திப் போட்டுருவான்’னு சொன்னியே.”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “தனியாவே பாத்துப் பாத்து அப்படியே பழகிப்போச்சுங்க. தொந்தரவா இருந்தா பேசல.”

அண்ணன் ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“படம் எங்க போகுது? நீ சொல்லு. அவன் அப்புறம் என்ன பண்ணுவான்?”

அக்கா கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் படத்தை அவர் ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பார் போல. அண்ணன் அவர் வாயைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் டூல் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன். கையெழுத்து வாங்க வேண்டிய ஹேண்ட் ஓவர் பேப்பரை அடுத்த வாரம்தான் வாங்கினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாராம். வார்த்தை பிசகிச் சண்டையும் வருகிறதாம். அக்கா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமர் கேட்டதை அப்படியே டிராயிங்காகப் போட்டுக் கொடுப்பது பாதி வேலைதான். நானும் அப்படித்தான் மாடி ரூமைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். யாராவது சத்தம் அதிகமாக வேண்டும் என்றால், உடனே பெரிய ஸ்பீக்கரைக் காட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்களுக்கு எது கேட்கவில்லை என்று விசாரியுங்கள்.